முப்பது பாம்பும் ஒரு ஜிப்சம் குழியும்

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். பெரியண்ணன் வெட்டிய கிணற்றில் ஜிப்சம் புறப்பட்டது. பூதமாக இருந்தால் ஒரு பூசாரியோடு போயிருக்கும். ஜிப்சமாகப் போய்விட்டதால் சர்க்கார் வரைக்கும் இழுத்தது.

பெரியண்ணனுக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் மாட்டுத் தரகர். மணப்பாறைச் சந்தையில் துண்டுக்கடியில் கையை விட்டு, எதிராளியின் விரலைப் பிடித்துக்கொண்டு, வாய் மழையைப் பற்றிப் பேச விரல் விலையைப் பேச, வியாபாரத்தை முடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பாடாலூருக்குக் கிழக்கே இருந்த தம்முடைய கொல்லையில், தண்ணீர் வரவேண்டிய இடத்தில் கண்ணாடிச் சில்லு மாதிரிக் கல் மின்னியதும், அதைச் சிமெண்டுக் கம்பெனிக்காரன் திருச்சி குட்ஸ் ஷெட்டிலேயே எடுத்துக்கொள்வான் என்று யாரோ சொன்னதும், இரண்டு ஜோடி மாட்டை விற்றுக் குழிக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

"மாட்டை வித்துக் கல்லை வாங்கின மனுசன் இந்தத் தாலுகாவிலேயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள் மனைவி வேலம்மாள்.

கம்பெனிக்காரன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். உறுதி ஆபீஸிலிருந்து 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு காகிதம் வேண்டும். அப்போது ஆவணி மாதம். ஐப்பசி மழை இறங்கினால் குழி குளமாகிவிடும். அதற்குள் காகிதம் வந்து, கல் வெளியே வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மாடும் போச்சு, கல்லும் போச்சு, மிச்சம் வேலம்மாளின் வாய் மட்டும்தான்.

உறுதி ஆபீஸ் என்பது ஜனங்கள் வைத்த பெயர். அதன் சொந்தப் பெயர் 'சுரங்கத் திட்டங்களின் நிச்சயமின்மைத் தாங்குதிறன் ஆராய்ச்சி மன்றம்'. சுவர் நீளம் போதாமல் பெயர்ப்பலகை மூலை திரும்பி, 'மன்றம்' சந்துக்குள் இருந்தது. அது பிறந்த கதை எளிது. டெல்லியில் யாரோ ஒரு பெரியவர் ஒரு விருந்துக்குப் பிறகு, "நம்முடைய சுரங்கத் திட்டங்கள் எதிர்பாராததைத் தாங்கவேண்டும்" என்றார். எதிர்பாராத விதமாக அதை ஒருவர் குறித்துக்கொண்டார். உடனே ஆபீஸ் வந்துவிட்டது.

அது ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் ரோட்டில், ஒரு கல்யாண சத்திரத்தில் இருந்தது. சுரங்கமே இல்லாத ஊர் என்பதால் பாரபட்சமில்லாமல் ஆராயலாம் என்பது ஒரு காரணம். மன்றத்தின் டைரக்டர் சௌரிராஜனின் வீடு வடக்கு உத்தர வீதியில் என்பது இன்னொரு காரணம். முகூர்த்த நாளில் மட்டும் சத்திரத்துக்காரர் கூடத்தைக் கேட்பார். அன்றைக்கு மன்றம் சமையற்கட்டுக்குக் குடிபோய்விடும்.

முதல் நாள் பெரியண்ணனை வரவேற்றவர் ஹெட் கிளார்க் பரக்கத் அலி. பாலக்கரைக்காரர், தங்கமான மனிதர். பெரியண்ணன் நீட்டிய திட்டத்தை வாங்கிப் படித்தார். உள்ளூர் வாத்தியார் எழுதிக் கொடுத்த திட்டம் அது: 'குழியில் கல்லை வெட்டுவது. லாரியில் ஏற்றுவது. குட்ஸ் ஷெட்டில் இறக்குவது.'

"நல்லாத்தான் இருக்கு" என்றார் பரக்கத் அலி. "மழை பெஞ்சா?"

"நிறுத்திடுவோம் பாய்."

"பெய்யாட்டி?"

"வெட்டுவோம்."

"பெய்யற மாதிரி வந்துட்டுப் பெய்யாம போயிட்டா?"

பெரியண்ணன் யோசித்தார். "அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்போம்."

பரக்கத் அலி 'அண்ணாந்து பார்த்தல்' என்று திருப்தியோடு குறித்துக்கொண்டார். "வெட்டற எடத்துல கல்லு இல்லாட்டி?"

"இருக்கே பாய். நான் கண்ணால பாத்தேனே."

"நீங்க பாத்ததுக்கு அப்புறம் இல்லாம போயிட்டா?"

"எங்க போவும்?"

"அதைத்தான் ஆபீஸ் கேக்குது."

பொய்ப்பல் கட்டிய மாட்டைக்கூடப் பெரியண்ணன் சமாளித்திருக்கிறார். இருக்கிற கல்லைக் காணாமல் அடிக்கிற ஆபீஸை இப்போதுதான் பார்க்கிறார்.

டைரக்டர் சௌரிராஜன் பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு, கல்யாணக் கூடத்தின் நடுவில் மணமேடைமேல் மேஜை போட்டு எழுந்தருளியிருந்தார். மேஜைமேல் ஒரு பெரிய அட்டை விரிந்திருந்தது. பெரியண்ணன் எட்டிப் பார்த்தார். கட்டம் கட்டமாக, பாம்பும் ஏணியுமாக, உச்சியில் பெருமாள் படத்தோடு, சாட்சாத் பரமபத அட்டை. வைகுண்ட ஏகாதசி இராத்திரி கண்விழிக்க ஊரே விளையாடுமே, அதே அட்டை.

"என்ன ஓய் முழிக்கறீர்? இது விளையாட்டில்லை. ஆராய்ச்சி உபகரணம்" என்றார் டைரக்டர். "மேல்நாட்டுல இதுக்கெல்லாம் அறை முழுக்க மிஷின் வச்சிருக்கா. ஒரு திட்டத்தை எடுத்துண்டு, மழை வந்தா, வராட்டா, விலை விழுந்தா, எழுந்தான்னு ஆயிரம் தரம் உருட்டிப் பாப்பாளாம். நம்மாத்துல இது தலைமுறை தலைமுறையா இருக்கு. மிஷின் எதுக்குன்னு நான்தான் எழுதிப் போட்டேன். சர்க்காருக்கு லட்சக்கணக்குல மிச்சம்."

அட்டையில் ஒவ்வொரு பாம்பின்மேலும் சீட்டு ஒட்டியிருந்தது. மிக நீளமான பாம்பு 'பருவமழை தவறுதல்'. அதற்கு அடுத்தது 'பருவமழை தவறாமை'. அதன் பக்கத்தில் 'ஆள் வராமை', 'ஆள் அளவுக்கு மேல் வருதல்'. ஏணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் 'மேலிடத்து உத்தரவு' என்று எழுதியிருந்தது.

"உம்ம திட்டத்தைக் காயா வச்சு உருட்டுவோம். தாயம் விழுந்தாத்தான் குழி ஆரம்பிச்சதா அர்த்தம். பாம்பெல்லாம் தாண்டிப் பரமபதம் போயிட்டா உம்ம திட்டம் உறுதி."

"போனவங்க இருக்காங்களா சாமி?"

"ஒருத்தர் போனார். அரியலூர் பக்கம், சுண்ணாம்புக்கல் குழி. நேரே பரமபதம்."

"அவருக்குக் காகிதம் கிடைச்சிருச்சுங்களா?"

சௌரிராஜன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "பரமபதம் போனவா திரும்பி வருவாளோ? ஃபைலும் வரலை."

கல்லையே காயாக வைப்பதுதான் விதி. ஆனால் அனுமதி இல்லாமல் கல் வெட்டக் கூடாது என்பதும் விதி. ஆகவே ஒரு புளியங்கொட்டையை வைத்து, 'தற்காலிகக் கல்' என்று பதிந்துகொண்டார்கள். அடுத்தபடியாக, இந்தத் திட்டத்துக்கு எத்தனை பாம்பு என்று மனுதாரரும் மன்றமும் கலந்து பேசி முடிவு செய்யவேண்டும் என்றார் டைரக்டர். "மன்றம் இருபத்துநாலு பாம்பு போடலாம்னு நினைக்கறது. உம்ம அபிப்பிராயம் என்ன?"

இந்த இடத்தில்தான் பெரியண்ணனுக்கு உயிர் வந்தது. அதுவரை புரியாத பாஷையில் பேசிக்கொண்டிருந்த ஆபீஸ், திடீரென்று தாய்மொழி பேசியது. இருபத்துநாலு என்று ஒருவன் சொன்னால் அதன் அர்த்தம் அவருக்குத் தெரியும். தோள் துண்டை உதறிப் பரக்கத் அலியின் கைமேல் போட்டார்.

பரக்கத் அலியின் முகமும் மாறியது. அவருடைய அத்தா தோல் மண்டிக்காரர். அந்தத் துண்டை அவரும் சிறு வயதிலேயே பார்த்தவர்தான். இரண்டு கையும் உள்ளே போயின.

"இந்த வருசம் பாலக்கரைப் பக்கம் கொசு ஜாஸ்திங்களா பாய்?" என்றது பெரியண்ணனின் வாய்.

"ஜாஸ்திதாங்க. உங்க ஊர்ல எப்படி?" என்றது பரக்கத் அலியின் வாய்.

துண்டு மட்டும் நெளிந்தது. இருபதுக்கு வந்தது. பதினாறில் கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டது. பெரியண்ணன் கையை உருவிக்கொண்டு, "வேணாம் பாய், நமக்குக் கட்டுப்படியாகாது, வரேன்" என்று வாசல் வரை போனார். பரக்கத் அலி கூப்பிடுவார் என்று அவருக்குத் தெரியும், கூப்பிட்டார். பத்தானது. ஆறானது. மூன்றுக்கு வந்ததும் பெரியண்ணன் இன்னொரு தரம் கோபித்துக்கொண்டு காவேரிப் படித்துறை வரை போய், காலை நனைத்துக்கொண்டு திரும்பினார். ஒன்றில் வியாபாரம் படிந்தது. துண்டை எடுக்கும்போது, "அந்த ஒண்ணையும் கொசுறாத் தள்ளிவிட்ருங்க பாய், புதுக் கிராக்கி" என்றார். மனம் இளகிய பரக்கத் அலி தள்ளிவிட்டார்.

இருபத்துநாலு பாம்பை ஒன்றுமில்லாமல் அடித்தவர் என்ற பெருமையோடு பெரியண்ணன் பாடாலூர் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து போனார். வேலம்மாள் மட்டும் சந்தோஷப்படவில்லை.

"கேட்டதெல்லாம் விட்டுக் கொடுத்தானா? அப்ப மாட்டுக்கு எங்கயோ கோளாறு. பல்லைப் பாத்தீங்களா?"

கோளாறு புரட்டாசி முதல் வாரத்தில் தபாலில் வந்தது. 'தங்கள் திட்டத்தில் பாம்புகள் ஏதும் இல்லாதபடியால் அதில் நிச்சயமின்மையும் இல்லை. நிச்சயமின்மை இல்லாத திட்டங்களை ஆராய இம்மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. மனு நிராகரிக்கப்படுகிறது.'

அடித்துப் பிடித்து ஓடிவந்த பெரியண்ணனை டைரக்டர் எதிரே உட்காரவைத்து, ஒரு டம்ளர் காப்பியும் கொடுத்துச் சொன்னார்:

"ஓய், நீர் வியாபாரி, உமக்குப் புரியும். நிச்சயமில்லாததுதான் இந்த ஆபீஸோட மூலதனம். போன வருஷம் நாங்க நூத்திச் சொச்சம் பாம்பு காமிச்சோம். ரெண்டு கிளார்க் போஸ்ட் சாங்ஷன் ஆச்சு. சேலத்துல இருக்கற மன்றத்தைப் பாரும், முன்னூறு பாம்பு. ஜீப்பே குடுத்துட்டா. எல்லாம் நிச்சயமாயிட்டா நாங்க எங்க போறது? உலகத்துக்கே பகவான் எதுக்கு நிச்சயமில்லாமையை வச்சான்? நாலு பேர் சம்பளம் வாங்கட்டும்னுதானே. நீர் பாட்டுக்குப் பூஜ்யம்னு முடிச்சுட்டுப் போனா, பரக்கத் அலிக்குப் பிரமோஷன் நிக்கறது. பாவமில்லையா?"

பாவம்தான் என்று பெரியண்ணனுக்கே பட்டது. மறுபடி துண்டு விழுந்தது. இந்தத் தடவை அவர் வாங்குகிற கட்சி. பாம்பு இல்லாமல் அவருக்கு ஆகாது என்று எதிராளிக்குத் தெரிந்துபோன வியாபாரம் எங்கே உருப்படும்? பரக்கத் அலியின் விரல் இரும்பாக இருந்தது. கோபித்துக்கொண்டு வாசலுக்குப் போனபோது கூப்பிட ஆளில்லை. அவரே திரும்பி வந்தார். கடைசியில் முப்பது பாம்பை ஏற்றுக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்தார்.

முப்பது பாம்புக்கு அட்டையில் இடமில்லை. ஓரத்தில் காகிதம் ஒட்டி நீட்டினார்கள். நீண்ட பாம்புகளில் சில மேஜையை விட்டு இறங்கி மணமேடைப் படி வரைக்கும் தொங்கின. ஆராய்ச்சி தொடங்கியது.

தாயம் விழவில்லை. பரக்கத் அலி உருட்டினார், டைரக்டர் உருட்டினார், இரண்டு கிளார்க்கும் உருட்டினார்கள். பன்னிரண்டு விழுந்தது, ஆறு விழுந்தது, தாயம் மட்டும் இல்லை. பெரியண்ணன் தூணில் சாய்ந்துகொண்டு, வடகிழக்கே கறுக்கிற வானத்தையும் தாயக்கட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். புரட்டாசி போய் ஐப்பசி பிறந்தது. கூடவே முகூர்த்தமும் பிறந்து, மன்றம் சமையற்கட்டுக்குப் போனது. வடைச் சட்டிக்குப் பக்கத்தில் உருட்டும்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர் வந்து, "நான் ஒரு கை போடறேன்" என்று கட்டையை வாங்கி உருட்டினார். பளிச்சென்று தாயம்.

பெரியண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"செல்லாது" என்றார் சௌரிராஜன். "அவர் சர்க்கார் உத்தியோகஸ்தர் இல்லை. தனியார் தாயம்."

ஒருவழியாகச் சர்க்கார் தாயம் விழுந்து, புளியங்கொட்டை நாலு கட்டம் நகர்ந்த அன்று மத்தியானம், மழை பிடித்துக்கொண்டது. சத்திரத்து ஓட்டில் சடசடவென்று விழுந்து, தாழ்வாரத்தில் ஆறாக ஓடியது. கூடத்தில் அப்போது விழுந்திருந்த எண்ணுக்கு 'வறட்சி' என்று பலன்.

"சாமி, மழை" என்றார் பெரியண்ணன்.

"ஜன்னலைச் சாத்தும் ஓய்" என்றார் டைரக்டர். "வெளியில பெய்யறதெல்லாம் உள்ள கணக்குல வரப்படாது. அப்புறம் ஆராய்ச்சி என்னத்துக்கு ஆகும்?"

பெரியண்ணன் ஊர் போய்ச் சேர்ந்தபோது குழி இல்லை. கரை தளும்பக் குளம் இருந்தது. ஊர் எருமையெல்லாம் கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக் கிடந்தன. "தண்ணிக்கு வெட்டினப்ப கல்லு வந்துச்சு, கல்லுக்கு நின்னப்ப தண்ணி வந்துச்சு. மண்ணுக்கும் உங்க பேச்சு புரியல போலருக்கு" என்றாள் வேலம்மாள்.

கார்த்திகையில் மன்றம் நேரில் ஆய்வுக்கு வந்தது. ஜீப் இல்லாததால் பஸ்ஸில் வந்து, பஞ்சகச்சத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு டைரக்டரும், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பரக்கத் அலியும் சேற்றில் நடந்து வந்தார்கள். கரையில் எருமையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த வேலம்மாளைப் பார்த்து டைரக்டர் விசாரணையைத் தொடங்கினார்.

"ஏம்மா, ஜிப்சம் விலை ஏறினா இங்க என்ன நடக்கும்?"

"தண்ணி நிக்கும்."

"விலை விழுந்தா?"

"தண்ணிதான்."

"லாரிக்காரா ஸ்டிரைக் பண்ணினா?"

"அப்பவும் தண்ணிதான் சாமி."

"சிமெண்டுக் கம்பெனியையே மூடிட்டா?"

"இந்தத் தண்ணிக்கு அதெல்லாம் எங்க தெரியப் போவுது."

சௌரிராஜன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கியிருந்தது. "கேட்டீரா பரக்கத் அலி? எத்தனை திட்டம் பாத்திருப்போம். ஒரு கேள்விக்கு ஒரு பதில், இன்னொரு கேள்விக்கு இன்னொரு பதில். எல்லாம் சபலம். இங்க முப்பது பாம்பை விட்டாலும் ஒரே பதில். இதன்னோ உறுதி. இந்த மாகாணத்திலேயே இப்படி ஒரு திட்டம் கிடையாது."

அங்கேயே, எருமைகளின் முன்னிலையில், முதல் வகுப்பு உறுதிச் சான்றிதழ் எழுதப்பட்டது. ஆட்சேபணை இல்லை என்ற வாசகம் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது. பெரியண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கினார். மாடு விற்ற நாளிலிருந்து அவர் இப்படிச் சிரித்ததில்லை. சிரித்த வாயை மூடியிருக்கலாம்.

"அப்ப தண்ணி வத்தினதும் வெட்டிக்கலாங்களா சாமி?"

டைரக்டரின் கால் சேற்றில் நின்றுவிட்டது. "வத்துமா?"

"வத்தாம பின்ன? தையில பாதி போயிடும். மாசியில தரை தெரியும்."

சௌரிராஜன் குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குகிற பக்குவத்தோடு அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "வத்தினா என்ன ஆகும் பரக்கத் அலி?" என்றார் மெதுவாக. பரக்கத் அலியின் முகத்தில் ஒரு பிரமோஷனின் ஒளி அடித்தது. வேலம்மாள் தலையில் அடித்துக்கொண்டு எருமையோடு போய்விட்டாள்.

ஆனால் டைரக்டர் நன்றி மறக்கிறவர் இல்லை. "நமக்கே தோணாத சந்தேகம் இந்த மனுஷனுக்குத் தோணித்து" என்று மேலிடத்துக்கு எழுதினார். தை பிறந்ததும் பெரியண்ணனை மன்றத்தின் உத்தியோகப் பற்றற்ற அங்கத்தினராக நியமித்து உத்தரவு வந்தது. பஸ் படி உண்டு, நாற்காலி உண்டு, முகூர்த்த நாளில் சாப்பாடு உண்டு. முதல் நாள் கூச்சமாகப் போனார். இரண்டாம் வாரம் சரிகைத் துண்டு வந்தது. மாசிக்குள் அவர் தேறிவிட்டார். குழிக்காரர் ஒருவரை எதிரே நிற்கவைத்து, "உங்க குழிக்கு அடியில இன்னொருத்தர் குழி இருந்து, அவர் உங்களை மேல போகச் சொல்லிட்டா?" என்று கேட்டு, அந்த மனிதரை அழவைத்த பெருமை அவருக்கு உண்டு. தம்முடைய குழியின் ஞாபகம் வரும். வந்தால், அது ஆராய்ச்சியில் இருக்கிறது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வார்.

மாசிக் கடைசியில் ஒரு நாள் வேலம்மாள் குடையை மடக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். அங்கத்தினர் நாற்காலியில் இருந்த தன் புருஷனைத் தாண்டி நேரே டைரக்டரிடம் போனாள்.

"சாமி, எங்க கொல்லையில ஒரு பள்ளம் இருக்கு. தண்ணி வத்திப்போச்சு. உள்ள கல்லு இருக்கு, வெட்ட ஆள் இருக்கு."

"திட்டம் எங்கம்மா?"

"திட்டம் ஏது? இருந்த ஒண்ணையும் நீங்க வாங்கி வச்சிருக்கீங்க. சான்றிதழையும் வாங்கிட்டீங்க. பேருக்கு இருந்த ஆம்பிளையையும் நாற்காலியில உக்கார வச்சிட்டீங்க. இப்ப அங்க கடப்பாரை மட்டுந்தான் இருக்கு."

"திட்டமே கிடையாதா?" சௌரிராஜன் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. "இதை முன்னாடியே சொல்லப்படாதோ? இது திட்டங்களை ஆராயற மன்றம். திட்டம் இல்லாததோட எங்களுக்கு என்ன சம்பந்தம்?"

"அதை ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்துடுங்க."

பரக்கத் அலி தட்டெழுத்து மிஷினில் நாலு வரி அடித்தார். 'மேற்படி பள்ளத்துக்குத் திட்டம் ஏதும் இல்லாதபடியால் இம்மன்றத்துக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.' டைரக்டர் கையெழுத்துப் போட்டுச் சீலும் வைத்தார்.

இதற்குள் பெரியண்ணன் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். மன்றத்தின் பழக்கம் அவர் நாக்கில் ஏறியிருந்தது. "அது சரி, திட்டமே இல்லாம வெட்டப்போய்…" என்று ஆரம்பித்தார்.

வேலம்மாள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முப்பது பாம்பும் படமெடுத்தன. பெரியண்ணன் உட்கார்ந்துகொண்டார்.

அவள் காகிதத்தை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு படி இறங்கினாள். வாசலில் நின்று சொன்னாள்: "வர்ற திங்கக்கிழமையிலேர்ந்து நம்ம லாரி குட்ஸ் ஷெட்டுக்கு வந்து போவும், மெம்பர் சார். கல்லை இறக்கிட்டுக் காலியாத்தான் திரும்பும். சாயங்காலம் அதுலயே ஏறி வந்துடுங்க. பஸ்ஸை நம்பாதீங்க, வரும்னு நிச்சயமில்ல."